சொசைட்டி யாருடையது? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் சொசைட்டி வாசல், அம்மாப்பேட்டைத் தறிக்கூடம், ஆத்தூர் மண்டி, ஏற்காடு பஸ் என்று எங்கே கூட்டுறவுப் பேச்சு வந்தாலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். முடிந்தவரை வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. சொசைட்டின்னா கவர்மென்ட் ஆபீஸ் தானுங்களே?

இல்லை. உறுப்பினர்கள் பங்குத்தொகை போட்டு, தங்கள் தேவைக்காகத் தாங்களே நடத்தும் தொழில் அது. கடன் கொடுப்பதாக இருக்கலாம், பால் விற்பதாக இருக்கலாம், நூல் வாங்கிப் புடவை நெய்வதாகவும் இருக்கலாம். கம்பெனியில் அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கு அதிக ஓட்டு. சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

ஆனால் நீங்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பான்மையை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். கடன் தள்ளுபடி அறிவிப்பு சட்டசபையிலிருந்து வருகிறது. தலைவர் நாற்காலியில் பல வருடம் அரசு அதிகாரிதான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் தொடக்கச் சங்கத்துச் செயலாளருக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருவதில்லை, சங்கத்தின் சொந்த வருமானத்திலிருந்துதான் போகிறது.

2. நான் மெம்பரா இல்லையான்னே எனக்குத் தெரியல. எப்படிப் பாக்கறது?

கடன் வாங்கினீர்களா? அப்படியானால் ஏதாவது ஒரு வகையில் உறுப்பினர்தான். எந்த வகை என்பதுதான் முக்கியம். பங்குத்தொகை கட்டி முழு உறுப்பினராகச் சேர்ந்தவருக்கு ஓட்டு உண்டு, தேர்தலில் நிற்கலாம், உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். நகைக்கடனுக்காக மட்டும் அவசரத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட இணை உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. ஊரில் நிறையப் பேர் இந்த இரண்டாவது வகைதான், அது அவர்களுக்கே தெரியாது.

சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு இருக்கும். போய் உங்கள் பெயர், எண், பங்குத்தொகை மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு விவரம் சேர்க்காததால் பட்டியலிலிருந்து விடுபட்டவர்களும் உண்டு. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

3. இது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது தானே?

சட்டம் அவர்கள் கொண்டு வந்தது. 1890களில் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவில் விவசாயக் கடன் எப்படி நடக்கிறது என்று பார்த்துவர அனுப்பியது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராம வங்கிகளை அவர் ரொம்ப மெச்சினார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகர வங்கியும், திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தொடங்கின.

பண்டகசாலைக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ராச்டேல். 1844இல் 28 தொழிலாளிகள், அதில் பல பேர் நெசவாளிகள், காசு சேர்த்து மாவு, சர்க்கரை, வெண்ணெய் விற்கும் சின்னக் கடை போட்டார்கள். கலப்படம் கிடையாது, சரியான எடை, லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது. இன்று உலகம் முழுக்கச் சொல்லும் கூட்டுறவுக் கொள்கைகள் அந்தக் கடையிலிருந்து வந்தவை. சேலத்தில் தறி ஓட்டும் குகைக்காரர்களும் பொன்னம்மாப்பேட்டைக்காரர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தொடங்கியவர்கள் அவர்கள் தொழில்காரர்கள்தான்.

4. சேலத்துல ரேஷன் கடையும் நகைக்கடனும் தவிர வேற என்ன கூட்டுறவு இருக்கு?

நிறைய. கிராமத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம், அதற்கு மேலே மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி. பாலுக்குக் கிராமச் சங்கங்களும் அவற்றின் மேல் சேலம் ஒன்றியமும். கடையில் வாங்கும் ஆவின் அதுதான். நெசவாளர் சங்கங்கள் தனி. மரவள்ளி ஸ்டார்ச், ஜவ்வரிசிக்குச் சேகோசர்வ். ஆத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் பருத்தி, மஞ்சள் ஏலம் விடும் வேளாண் உற்பத்தியாளர் விற்பனைச் சங்கங்கள். மலைகளில் ஆதிவாசிகளுக்கான லேம்ப் என்ற பல்நோக்குச் சங்கங்கள். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர், ஆனால் இருப்பது மோகனூரில். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகும் பெயர் மாறவில்லை.

இவை எல்லாம் ஒரே துறையின் கீழ் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடன் சங்கத்துக்குக் கூட்டுறவுத் துறை, பாலுக்குப் பால்வளத் துறை, தறிக்குக் கைத்தறித் துறை, சேகோசர்வுக்குத் தொழில் துறை. ஒரே குடும்பத்தில் நான்கு சங்க உறுப்பினர்கள் இருந்தால் புகார் கொடுக்க நான்கு ஆபீஸ் ஏற வேண்டும்.

5. முன்னாடி சொசைட்டி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு தாத்தா சொல்றாரு. எப்ப கெட்டுப் போச்சு?

தாத்தாக்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. 1951-52இல் ரிசர்வ் வங்கி நாடு முழுக்க எடுத்த கிராமக் கடன் ஆய்வில், விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான் என்று தெரிந்தது. மீதியில் பெரும்பகுதி வட்டிக்கடைக்காரரும் மண்டிக்காரரும் கொடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து இவ்வளவுதானா என்று எல்லோரும் திகைத்தார்கள். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது ஜெயித்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்குக் குழு வந்தது. அரசே சங்கங்களில் பங்கு முதலீடு செய்யட்டும் என்றது அந்த 1954 அறிக்கை.

பணம் வந்தது. பணத்தோடு பிடியும் வந்தது. பங்கு போட்ட அரசு நியமன உறுப்பினர் வைத்தது, செலவுக்கு அனுமதி கேட்கச் சொன்னது, பிடிக்காத நிர்வாகக் குழுவைக் கலைத்தது. 1976இல் தமிழ்நாட்டில் குழுக்களைக் கலைத்துத் தனி அலுவலர்கள் என்று அரசு அதிகாரிகளைப் போட்டார்கள். 2001இல் ஆட்சி மாறியதும் மறுபடி கலைப்பு. 2013இலும் 2018இலும் தேர்தல் நடந்தது. 2018 குழுக்களின் ஐந்து வருடம் 2023இல் முடிந்ததும் நாற்காலி திரும்பவும் அதிகாரிகளிடம் போனது. ஒரு தலைமுறை விவசாயி தன் சங்கத்துக்கு ஓட்டே போடாமல் வயதாகிவிட்டார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. நிக்கல்சன் பார்த்த கிராம வங்கியில் கடன் போனது பக்கத்து வீட்டுக்காரர் சேமிப்பிலிருந்து. திருப்பிக் கட்டாவிட்டால் அவர் முகத்தில் முழிக்க முடியாது. நம்மிடம் பயிர்க்கடனுக்கான பணம் நபார்டு என்ற தேசிய விவசாய வங்கியிலிருந்து மாநிலக் கூட்டுறவு வங்கி, மாவட்ட வங்கி வழியாகக் கீழே இறங்கி வருகிறது. யாரோ ஒருவர் பணம் என்றால் யாருக்கும் உறுத்தாது. பங்குதாரராக இருந்தவர் பயனாளி ஆனது அங்கேதான். பொருளாதார அறிஞர் அ.வைத்தியநாதன் தலைமையில் 2004இல் அமைந்த குழுவும் நோயை ஏறத்தாழ இப்படித்தான் பார்த்தது: நஷ்டத்தை ஒரு தடவை சரிக்கட்டிக் கொடுங்கள், அதற்குப் பதிலாக அரசு கையை எடுக்கட்டும், ஒழுங்காகத் தேர்தலும் தணிக்கையும் நடக்கட்டும் என்றது. முதல் பாதி கொஞ்சம் நடந்தது.

6. கடன் தள்ளுபடி ஜனங்களுக்கு நல்லது தானே? அதுல சங்கத்துக்கு என்ன நஷ்டம்?

மழை பொய்த்த வருடம், வைரஸ் வந்து மரவள்ளி வீணான வருடம், அப்போது தள்ளுபடி உயிர் காக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2006, 2016, 2021 என்று மூன்று பெரிய பயிர்க்கடன் தள்ளுபடிகள் தமிழ்நாட்டில் வந்தன. 2021இல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். அதே வருடம் 5 சவரன் வரை நகைக்கடனும் நிபந்தனைகளோடு தள்ளுபடி ஆனது.

அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தருகிறது. ஆனால் ஒரே தடவையில் இல்லை, வருடக்கணக்கில் தவணையாக. அதுவரை சங்கம் மேலே வாங்கிய கடனைச் சமாளிக்க வேண்டும். அதைவிட மோசம், தவணை தவறாமல் கட்டியவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அப்படியிருந்தும் தேர்தல் நெருங்கும் வருடத்தில் “கொஞ்சம் பொறு, பாக்கலாம்” என்று சொல்லாத ஊர் உண்டா?

7. என் ரிட்டையர்மென்ட் பணத்த சொசைட்டில டெபாசிட் போட்டிருக்கேன். சங்கம் முழுகிட்டா கிடைக்குமா?

இதில் கவனம் தேவை. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி இரண்டும் ரிசர்வ் வங்கி உரிமத்தோடு நடப்பவை. அங்கே உங்கள் டெபாசிட்டுக்கு மற்ற வங்கிகளைப் போலவே காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை.

கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம் வங்கி இல்லை. பழைய போர்டுகளில் வங்கி என்று எழுதியிருந்தாலும் சட்டப்படி இல்லை. ஆகவே அந்தக் காப்பீடு அங்கே கிடையாது. பணியாளர் சிக்கனக் கடன் சங்கங்களுக்கும் இதே கதைதான். உடனே ஓடிப்போய் எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நிறையச் சங்கங்கள் நகைக்கடன் கையிருப்பை வைத்து உறுதியாகவே நிற்கின்றன. ஆனால் முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. போடுவதற்கு முன்னால் கடைசித் தணிக்கை எந்த வருடம் முடிந்தது, சங்கம் லாபத்திலா நஷ்டத்திலா, பாக்கி எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். தணிக்கை செய்வது தனித் துறை, செயலாளர் மறைக்க வேண்டிய விஷயம் ஒன்றுமில்லை.

8. தனியார் வண்டி வாசல்லயே வந்து லிட்டருக்கு ரெண்டு ரூபா சேத்துக் குடுக்கறான். நான் ஏன் சொசைட்டிக்கு ஊத்தணும்?

இரண்டு ரூபாய் சின்ன விஷயம் இல்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு மாதத் தீவனச் செலவில் ஒரு பங்கு அதில் வந்துவிடும். சங்கப் பற்றுக்காக நஷ்டப்படுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பால் பெருகும் மாதங்களில் தனியார் என்ன விலை தந்தார், எத்தனை நாள் “இன்னிக்கு வேணாம்” என்றார், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) அளவை உங்கள் கண் முன்னால் பார்த்தாரா? சங்கத்தின் தீவனம், கால்நடை மருத்துவர் வருகை, வருடக் கடைசி போனஸ், இவற்றையும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, ஊரில் சங்கம் ஒன்று இருப்பதால்தான் அந்த வண்டிக்காரர் இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருகிறார். சங்கம் மூடிய ஊர்களில் விலை என்ன ஆனது என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆவின் பக்கக் குறையையும் சொல்ல வேண்டும். கொள்முதல் விலையும் விற்பனை விலையும் சென்னையில் அரசு அறிவிப்பாக வருகின்றன. 2021இல் வாங்குபவருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். ஊற்றுபவருக்கு 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. ஓட்டுப் போடும் நகரத்துக்காரரையும் பார்க்க வேண்டும், மாட்டுக்காரரையும் பார்க்க வேண்டும் என்ற இழுபறியில் சங்கம் தன் சரக்குக்குத் தானே விலை வைக்க முடிவதில்லை. முதலாளி என்று பெயர் இருந்து, விலை சொல்லும் உரிமை இல்லையென்றால் என்ன முதலாளி?

9. தறி இருக்கு, ஆள் இருக்கு, நெசவு சொசைட்டி மட்டும் ஏன் படுத்துக்கிச்சு?

ஆள் இருக்கிறார் என்பதே இப்போது சந்தேகம். நெசவாளி மகன் கொலுசுப் பட்டறைக்கோ ஐ.டி. கம்பெனிக்கோ போய்விட்டான். ஆனால் நீங்கள் கேட்பது சங்கத்தைப் பற்றி. சங்கம் நூல் வாங்கிப் பாவும் ஊடையும் தரும், நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார், துணி பெரும்பாலும் 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் வழியாக விற்கும். இந்தச் சங்கிலியில் விற்ற பணமோ துணியைத் தள்ளுபடியில் விற்றதற்கு அரசு தரவேண்டிய மானியமோ தாமதமானால் நூல் வாங்கக் காசில்லை. நூல் இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்ற வாரம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, நெசவாளி, நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் தனியாரான மாஸ்டர் வீவரிடம் போய்விடுவார். போனவர் திரும்புவது அபூர்வம்.

விசைத்தறியை மறந்துவிட முடியாது. கைத்தறிக்கு மட்டும் என்று 1985 சட்டம் 22 ரகங்களை ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றிலும் திருட்டுத்தனமாக ஓடும் விசைத்தறியைத் தடுப்பது பெயருக்குத்தான். தறியே இல்லாமல் மானியத்துக்காக உறுப்பினர் கணக்கில் இருந்த பெயர்களும் சில சங்கங்களைத் தின்றன.

இருந்தும் நிற்கிற சங்கங்கள் உண்டு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அரசு கொள்முதலை மட்டும் நம்பாமல், முகூர்த்த வேட்டிக்கு நேரடி வாடிக்கையாளர் பிடித்த சங்கங்கள் கூலியைத் தாமதமில்லாமல் கொடுக்கின்றன. என் கணிப்பில் கைத்தறிச் சங்கத்துக்கு எதிர்காலம் அந்தச் சின்ன, விலை உயர்ந்த சந்தையில்தான். மலிவுப் புடவைப் போட்டியில் கைத்தறி ஜெயிக்காது.

10. சேகோசர்வ் கிழங்கு விவசாயிங்க சங்கம் தானே? அப்புறம் ஏன் எங்களுக்கு விலை கிடைக்கல?

இந்தக் கேள்விதான் சேலத்துக் கூட்டுறவில் எனக்கு மிகப் பிடித்தது. ஏனென்றால் பதிலில் எல்லாமே இருக்கிறது. சேகோசர்வ் விவசாயிகளின் சங்கம் இல்லை. ஆலைக்காரர்களின் சங்கம். முழுப் பெயரிலேயே ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் என்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றது. சேலத்தில் குச்சிக் கிழங்கு (மரவள்ளி) மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். தொழில் பெருகியது. ஆனால் சின்னச் சின்ன சேகோ ஃபேக்டரிகள் மூட்டையை வைக்க இடமில்லாமல், கடனுக்கு வழியில்லாமல், வியாபாரி சொன்ன விலைக்கே விற்றன. 1981இல் அவர்கள் சேர்ந்து சங்கம் பதிவு செய்தார்கள். சங்கம் குடோன் கட்டியது, இருப்பு மூட்டையின் பேரில் முன்பணம் தந்தது, தரம் பார்த்தது, மூடிய டெண்டர் முறையில் வட இந்திய வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுத்தது. போட்டியாக இருந்தவர்களே ஒரே இடத்தில் விற்றார்கள். அது நல்ல கூட்டுறவுதான். ஆனால் உறுப்பினர் யாரோ அவர்களுக்குத்தான் சங்கம் வேலை செய்யும். கிழங்குக்காரருக்கு இன்னும் பாயிண்ட் கணக்குத்தான். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலை வாசலில் பார்த்துத்தான் டன்னுக்கு விலை.

2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மக்காச்சோள மாவுக் கலப்படமும், வெளுப்பாகக் காட்ட ரசாயனம் போடுவதும் இந்தத் தொழிலின் பழைய வியாதிகள். சங்கத்துக்கு வெளியே நேரடியாக விற்பவர்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை. நேர்மையாக அரைப்பவர் இரண்டு பக்கமும் அடிபடுகிறார். விவசாயிக்கு விலை வேண்டுமென்றால் கிழங்கு விவசாயிகள் தங்களுக்கென ஒன்று அமைக்க வேண்டும். எந்த வடிவத்தில் என்று 12இல் பாருங்கள்.

11. ஏற்காட்டுல இவ்வளவு காப்பி. காப்பிக்காரங்களுக்கு ஒரு வலுவான சொசைட்டி ஏன் வரல?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. அப்போதிலிருந்தே இது பெரிய எஸ்டேட் பயிர். எஸ்டேட்காரருக்கு வங்கி உண்டு, பழத்தின் தோல் நீக்கும் சொந்தப் பல்ப்பர் எந்திரம் உண்டு, சங்கம் எதற்கு? சின்னத் தோட்டக்காரருக்கோ 1940களிலிருந்து காப்பி வாரியத்தின் பூல் முறை இருந்தது. விளைந்ததை வாரியத்திடம் கொடுத்துவிட வேண்டும், வாரியம் ஏலம் விட்டுத் தவணையாகப் பணம் தரும். சேர்ந்து விற்க வேண்டிய அவசியமே வரவில்லை. 1990களில் அது படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முழுதும் போனது. அன்றிலிருந்து சின்னவர்கள் தனித்தனியாக வியாபாரி முன்னால் நிற்கிறார்கள்.

இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கான லேம்ப் சங்கம் ஏற்காட்டில் இருக்கிறது. கடன், உரம், ரேஷன், வனப்பொருள் விற்பனை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தர 1970களில் வந்த திட்டம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எல்லாம் ஒரே சங்கத்திடம் என்றால் ரேஷனே முழு நேரத்தையும் தின்றுவிடும். தேன், கடுக்காய், மிளகு என்று சந்தை தேடுவதற்கு ஆளும் இல்லை, முதலும் இல்லை.

ஆனால் இங்கே வாய்ப்பு தெளிவாக இருக்கிறது. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்தால் பார்ச்மென்ட். அப்படியே வெயிலில் உலர்த்தினால் செர்ரி. விலை வித்தியாசம் தோட்டக்காரர்களுக்கே தெரியும். பல்ப்பரும் காயவைக்கும் களமும் தனி ஆளால் முடியாது, நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும். ஒரே வேலை, எல்லோருக்கும் ஒரே மாதத்தில் தேவை. கூட்டுறவு பிடித்து நிற்க இதைவிடத் தோதான தொழில் அபூர்வம்.

12. எஃப்.பி.ஓ.ன்னு புதுசா சொல்றாங்களே, அதுவும் சொசைட்டியும் ஒண்ணா?

சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பெரும்பாலும் கம்பெனிச் சட்டத்தில் பதிவாகும். 2002இல் அதற்கென்று சட்டத்தில் தனிப் பகுதி சேர்த்தார்கள். தனி உற்பத்தியாளர்கள் பத்துப் பேர் இருந்தால் தொடங்கலாம். ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான், வெளியாள் பங்கு வாங்க முடியாது. அதுவரை கூட்டுறவேதான். வித்தியாசம் என்னவென்றால் கூட்டுறவுப் பதிவாளர் என்ற அரசு அதிகாரியால் நிர்வாகக் குழுவைக் கலைக்க முடியாது, தனி அலுவலர் வர மாட்டார். ஆந்திரா 1995இலேயே அரசு பங்கு வாங்காத சங்கங்களுக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அப்படி வரவில்லை, அதனால் சுதந்திரம் வேண்டியவர்கள் கம்பெனிப் பக்கம் போகிறார்கள்.

2020இல் மத்திய அரசு 10,000 எஃப்.பி.ஓ. திட்டம் அறிவித்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மலைப்பகுதியில் 100. உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக 2,000 ரூபாய் வரை மானியம், நிறுவனத்துக்கு உச்சம் 15 லட்சம். இங்கேதான் எனக்குப் பயம். மானியத்துக்காக முந்நூறு ஆதார் நகல் சேர்த்து, மூன்று வருடம் முடிந்ததும் போர்டு மட்டும் தொங்கும் எஃப்.பி.ஓ.க்களைப் பார்க்கிறோம். 5இல் சொன்ன அதே வியாதி, வேறு சட்டைக்குள்.

13. படுத்த சங்கம் எங்கயாவது எந்திரிச்சிருக்கா? நிஜமா சொல்லுங்க.

எழுந்திருக்கிறது. ரொம்ப அதிகமில்லை.

1957இல் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூட முடிவு செய்தது. வேலை போகவிருந்த சர்வர்களும் சமையல்காரர்களும், கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் முன்னின்று உதவ, கூட்டுறவுச் சங்கமாகி அந்தக் கடைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தியன் காபி ஹவுஸ் அப்படி வந்தது. கேரளத்தில் வடகரை பக்கம் ஊராளுங்கல் தொழிலாளர் சங்கம் 1925இல் தொடங்கியது. வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள் ஆரம்பித்தது. இன்று பாலமும் சாலையும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐ.டி. பூங்கா நடத்துகிறது. ஸ்பெயினின் மொண்ட்ராகன் 1956இல் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவுக் குழுமம். அதன் பெரிய சங்கமான ஃபாகோர் வீட்டுச்சாதன ஆலை 2013இல் திவாலானது. ஆனால் வேலை இழந்தவர்களில் பெரும்பகுதியினருக்குக் குழுமத்தின் மற்றச் சங்கங்கள் இடம் கொடுத்தன.

இவற்றில் பொதுவாக நான் பார்ப்பது, தொடங்கியவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதும், உறுப்பினர் உழைப்போ பணமோ உள்ளே இருந்தது என்பதும். மேலிருந்து வந்த நிதியால் மட்டும் எழுந்த சங்கம் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

14. எலெக்ஷன் வந்தாலும் கட்சிக்காரங்கதான் ஜெயிக்கறாங்க. நாங்க என்னதான் பண்ண முடியும்?

கட்சிக்காரர் ஜெயிப்பதில் தவறில்லை, அவரும் உறுப்பினராக இருந்தால். பட்டியலில் பெயர் இல்லாதவர்களே அதிகம் என்பதால்தான் நூறு ஓட்டில் சங்கம் கைமாறுகிறது. 2ஐ மறுபடி படியுங்கள். அப்புறம் பேரவைக் கூட்டம். குடிக்கக் காப்பி கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். அதோடு திரும்பாமல், தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முறைகேடு இருந்தால் எழுத்தில் கொடுங்கள். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவு விசாரணைக்கும், 87 இழப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் வசூலிப்பதற்கும் வழி செய்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்பார்கள். கூட்டுறவுச் சங்கம் தானாகவே பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம். அவர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அங்கே கேட்கலாம். மனுவைத் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

15. கம்ப்யூட்டர், தனி மினிஸ்ட்ரி, மருந்தகம்னு நிறைய வருதே. இதெல்லாம் மறுமலர்ச்சியா?

சில நல்லது. 2022இல் தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் மத்தியத் திட்டம் வந்தது. கணக்கு அன்றன்றே தெரிந்தால் 7இல் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு உடனே பதில் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகங்கள் திறந்தன, கூட்டுறவுச் சங்கங்களும் நடத்துகின்றன. மலிவு மாத்திரை நல்ல விஷயம்.

2021 ஜூலையில் மத்தியில் கூட்டுறவு அமைச்சகம் வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், 97ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் மாநிலச் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் பகுதி செல்லாது, கூட்டுறவு மாநில விஷயம் என்றது. இனி டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே இழுபறி இருக்கும். யார் ஜெயித்தாலும் உறுப்பினருக்கு ஓட்டு கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. புது வியாபாரத்தை ஆணையாக மேலிருந்து அனுப்புவதை மறுமலர்ச்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

16. என் பங்கு நூறு ரூபா இருபது வருஷமா நூறு ரூபாவாவே இருக்கு. திருப்பி வாங்கிட்டு விலகிடலாமா?

விலகலாம். ஆனால் கிடைப்பது நூறுதான். சங்கம் எவ்வளவு சொத்து சேர்த்திருந்தாலும் பங்கின் முகமதிப்பு ஏறாது. லாபம் வந்த வருடம் ஈவுத்தொகை வரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மீதி காப்பு நிதிக்குப் போகும். அந்த நிதியைத் தனி உறுப்பினர் யாரும் பிரித்துக் கேட்க முடியாது. நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர்கள் சேர்த்ததும் அதில் இருக்கிறது.

விலகுவதென்றால் உங்கள் பெயரில் கடன் பாக்கியும், வேறு யாருக்காவது போட்ட ஜாமீனும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நூறு ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று தோன்றினால் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பேரவைக் கூட்டம் எப்போது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் நோட்டீஸ் வரவில்லையென்றால் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.